நெருங்கினால் பெரிதாகும் படம்

மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் நின்று பாருங்கள். காலடியில் இருக்கும் செடியில் கொழுந்து ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். பத்து நிரை தள்ளிப் பார்த்தால் கொழுந்து தெரியாது, செடி தெரியும். எதிர்ச் சரிவில் செடியும் கரைந்து வெறும் பச்சைக் கோடுகளாகிவிடும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வளர்ந்தவர் ஊரைப் பற்றிச் சொல்வதும் இப்படித்தான். தொழிலாளர் காலையில் கூடும் பிரட்டுக்களம், குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை, கோயில், பக்கத்து வீடு எல்லாம் விவரமாக வரும். அடுத்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங். அதற்கப்பால் ஈப்போ, கோலாலம்பூர். இடையில் கிடக்கும் சிற்றூர்கள் விட்டுப்போகும்.

கிட்டத்தில் இருப்பதை விவரமாகவும் எட்டத்தில் இருப்பதைச் சுருக்கமாகவும் காட்டும் இந்த முறையைக் கணினித் திரைக்கும் கொண்டுவரலாம் என்று 1986இல் எழுதினார் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் ஃபர்னஸ். 'மீன்கண் பார்வை' என்பது அதன் பெயர். அதைப் பரவலாக மக்கள் கண்ணால் கண்டது ஆப்பிள் கணினியில்தான். 2000 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டிய, செயலிகளைத் திறக்க உதவும் 'டாக்' என்ற பட வரிசை, 2001 மார்ச் 24 அன்று மேக் ஓஎஸ் பத்து என்ற இயங்குதளத்துடன் விற்பனைக்கு வந்தது. பெரிதாக்கும் வசதியை இயக்கியிருந்தால், மவுஸின் அம்புக்குறி அதன்மேல் போகும்போது படங்கள் அலைபோல எழுந்து தணியும்.

அந்த அலை எப்படி எழுகிறது? அம்புக்குறிக்கும் ஒவ்வொரு படத்தின் நடுப்புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்று கணினி ஓயாமல் அளக்கிறது. தூரம் குறையக் குறைய அளவு கூடும். நேர்கீழே உள்ள படம் 48 புள்ளியிலிருந்து 96க்கு வளர்ந்தால், பக்கத்தில் இருப்பது 80, அதற்கடுத்தது 60 என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிப் படிப்படியாக இறங்குவதால்தான் மேடு வழுவழுப்பாகத் தெரிகிறது. திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது என்றால், ஒவ்வொரு முறைக்கும் சுமார் 17 மில்லிநொடிதான் கிடைக்கும். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் படம் திக்கித் திக்கி வளரும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கலங்கிப்போகும் என்பதால், பெரிய படத்தையே வைத்திருந்து மற்ற நேரத்தில் சுருக்கிக் காட்டுகிறார்கள்.

பெரிதாகிற படத்தைத் தொடுவது சுலபம் என்று எல்லாருக்கும் தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். கொழுந்தை நோக்கிக் கை போகும்போது செடி விலகிப்போவதில்லை. திரையில் படம் விலகுகிறது. ஒரு படம் வளர்ந்தால் அண்டையில் உள்ளவை இடம் விட்டு நகர வேண்டும். நாம் வலப்பக்கம் போகப் போக, படங்கள் இடப்பக்கம் வருகின்றன. ஆகவே ஒரு படத்திலிருந்து அடுத்ததற்குப் போக மவுஸ் நகர வேண்டிய தூரம், பெரிதாகாத வரிசையில் இருந்த அளவேதான் ஏறக்குறைய இருக்கிறது. கண்ணுக்கு இரண்டு மடங்கு. கைக்கு அதே பழைய இடம்.

பெரிதாவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மெக்கஃபின், ரவின் பாலகிருஷ்ணன் இருவரும் 2002இல் இதைச் சோதித்தார்கள். தனியாக நிற்கும் ஒரு குறி, அம்புக்குறி 90 விழுக்காடு தூரத்தைக் கடந்த பிறகு பெரிதானாலும்கூட, மனிதக் கை அதைப் பயன்படுத்திக்கொண்டு வேகமாகத் தொட்டது. தனியாக நிற்கும் பொத்தானுக்கு இது நல்ல உதவி. நெருக்கியடித்த வரிசையில் அந்த உதவி நழுவிவிடுகிறது. அங்கே பெரிதாவதன் உண்மையான பயன் பார்வைக்குத்தான். பொடிப்பொடியாக முப்பது படங்கள் இருக்கும் வரிசையில் எது எது என்று கண்டுகொள்ள உதவும்.

இன்னொரு குறையும் உண்டு. டாக்கில் ஒரு படத்தின் பெயர், அம்புக்குறி அதன்மேல் நின்றால் மட்டுமே தோன்றும். மேக் கணினியோடு வரும் தமிழ் எழுத்துருக்களில் ஒன்றான 'இணைமதி', மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் வடித்தது. கோப்புறைக்கு 'தேயிலைக் கணக்கு' என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆனால் அம்புக்குறி நின்றால்தான் தெரியும் பெயர், முதன்முதலாகக் கணினி முன் உட்காரும் ஒருவருக்கு எப்படி உதவும்? பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் இந்த வித்தைக்கே இடமில்லை; அங்கே விரல் தொடும்வரை அது எங்கே இருக்கிறது என்று திரைக்குத் தெரியாது.

என் தீர்ப்பு இது. கண் கூர்மையும் கைப்பழக்கமும் உள்ளவர்களுக்கு இந்த அலை நல்ல வசதி. கைநடுக்கம் உள்ள தாத்தாவுக்கோ, இப்போதுதான் மவுஸ் பிடிக்கும் அம்மாவுக்கோ நகர்கிற படம் தொல்லை. அவர்களுக்குக் கணினி அமைத்துக் கொடுக்கிறீர்களா? பெரிதாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். படங்களின் வழக்கமான அளவையே கூட்டி வையுங்கள். தேவையான ஆறேழு மட்டும் வரிசையில் இருக்கட்டும். தமிழ்ப் பெயரிட்ட கோப்புறைகளை, பெயர் எப்போதும் தெரியும்படி திரையின் முகப்பில் வையுங்கள்.