உள்ளறைக்கு இன்னொரு வழி

பம்மலில் அக்கா வீடு தரைத்தளம். வாசலைத் தாண்டினால் ஹால், ஹாலைக் கடந்தால்தான் படுக்கையறை. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஹாலிலோ ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், ராத்திரியெல்லாம் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர் பேட்டரி.

அங்கே போகும்போதெல்லாம் எனக்கு ஊரப்பாக்கம் நினைவுக்கு வரும். 2022 நவம்பர் 4 அதிகாலை, அங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில் ஃபிரிட்ஜ் தீப்பிடித்து, ஒரே குடும்பத்தில் மூன்று பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள்.

புகை தலைகீழாகப் பெருகும் வெள்ளம். சூட்டில் மேலேறி, கூரையில் பரவி, அங்கிருந்து கீழ்நோக்கி நிரம்பிக்கொண்டே வரும். கூரை பத்தடி, கதவு ஏழடி என்றால், கதவுக்கு மேலிருக்கும் மூன்றடிச் சுவர்தான் அதற்கு அணை. அந்த மூன்றடியும் நிரம்பியதும், திறந்த கதவின் மேல்விளிம்புக்கு அடியில் வழிந்து உள்ளறைக்குள் புகுந்துவிடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள் என்று தீயணைப்பு வல்லுநர்கள் மன்றாடுவது இதனால்தான்.

பழைய முற்றத்து வீடுகளில் அறைகள் வானம் பார்த்த வெளியைச் சுற்றி இருந்தன. புகை நேரே மேலே போய்விடும். இன்றைய ஹால், மூடி போட்ட முற்றம்.

அக்கா வீட்டுப் படுக்கையறை போல, இன்னொரு அறை வழியாக மட்டுமே வெளியேற முடிகிற அறையை இங்கிலாந்தின் கட்டட விதி 'உள்ளறை' என்றே பெயரிட்டு அழைக்கிறது. அதில் ஆள் படுப்பதானால், தப்பிக்க ஒரு ஜன்னல் வேண்டும்: திறப்பு 0.33 சதுர மீட்டர், அகலமும் உயரமும் 450 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அடிவிளிம்பு தரையிலிருந்து 1,100 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஓர் ஆள் உடம்பை நுழைத்து வெளியே வருகிற அளவு அது.

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஜன்னலை அளக்கிறது, ஆனால் காற்றுக்காக. ஈரமும் வெப்பமும் மிகுந்த ஊர்களில் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறைக்குக் கணக்குப் போட்டால் பதினாறு சதுர அடிக்கு மேல் வருகிறது. இங்கிலாந்து கேட்பதோ மூன்றரை சதுர அடிதான்! அதைப்போல நாலு மடங்குக்கு மேல் வழி நம் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. திருடனுக்குப் பயந்து கிரில் அடித்து, அதை நாமே மூடி வைத்திருக்கிறோம்.

போன மாதம் அக்கா வீட்டுக்கு வெல்டரைக் கூட்டிக்கொண்டு போனேன். கிரிலின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, கீல் வைத்துக் கதவாக்கி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். பூட்டு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இருட்டில், புகையில், யார் சாவி தேடுவது? அக்கா மகள் நொடியில் ஏறிக் குதித்துவிட்டாள். "நான் எப்படிடா ஏறுவேன்?" என்றார் அக்கா வீட்டில் இருக்கும் அத்தை. கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டோம். அதன்மேல் ஏறி நின்று, தாழ்ப்பாளை அவரே ஒருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டார்.