டாகுமெண்ட் இமேஜிங் சான்றிதழ் தேர்வு: எப்படித் தயாராவது?

ஸ்கேனரில் தாளை வைத்து பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடுகிறது. இதற்கு ஒரு தேர்வா, அதற்கு ஒரு சான்றிதழா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாளை ஸ்கேன் செய்ய யாருக்கும் படிப்பு தேவையில்லைதான். ஆனால் ராஜபாளையத்தில் உள்ள ஒரு ஸ்பின்னிங் மில்லின் இருபது வருட பில்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து, கேட்ட பில்லை அரை நிமிடத்தில் எடுத்துத் தர வேண்டும் என்றால் விஷயமே வேறு. அந்த வேலையைத் திட்டமிடுபவருக்கான தேர்வு பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே உள்ள திருவண்ணாமலையில் (கிரிவலம் போகும் ஊர் அல்ல, சீனிவாசப் பெருமாள் மலைக்கோவில் உள்ள ஊர்) வீட்டிலிருந்தே வேலை பார்த்தபடி இதற்குப் படித்து வருகிறேன். படித்ததில் உங்களுக்கும் பயன்படுவதை இங்கே தருகிறேன்.

எந்தத் தேர்வு?

முன்பு இத்துறையில் பேர் பெற்றிருந்தது காம்ப்டியா நடத்திய சிடிஐஏ பிளஸ். எந்தக் கம்பெனியின் ஸ்கேனரையும் சாப்ட்வேரையும் சாராத தேர்வு அது. இப்போது நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே அதன் கேள்வி பதில் தொகுப்பு என்று யாராவது விற்றால் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள். பழைய பாடப் புத்தகம் கிடைத்தால் அடிப்படையைப் படிக்க உதவும், அவ்வளவுதான்.

இன்று இதற்கு நெருக்கமாக இருப்பது ஏஐஐஎம் அமைப்பின் சிஐபி சான்றிதழ். 1943-ல் மைக்ரோபிலிம் சங்கமாக அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு இது. சிஐபி 2011-ல் வந்தது. இதில் ஸ்கேனிங் ஒரு பகுதி மட்டுமே. ஆவணங்களை வகைப்படுத்துவது, எத்தனை ஆண்டு வைத்திருப்பது, யார் பார்க்கலாம் என்பதெல்லாம் உண்டு. கட்டணம் டாலரில். பணம் கட்டும் முன் அவர்களுடைய இணையதளத்தில் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள்.

1. முதலில் கணக்கு

ஏ4 தாளை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2480 x 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட். எனவே சுருக்காத ஃபைல் சுமார் 1 எம்பி. கிரேஸ்கேலில் 8 பிட், சுமார் 8 எம்பி. கலரில் 24 பிட், சுமார் 25 எம்பி. டிபிஐயை இரட்டிப்பாக்கினால் ஃபைல் நான்கு மடங்காகும். இதைக் கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பழகுங்கள்.

நம் கையில் புழங்கும் உதாரணம் செக். ரிசர்வ் வங்கியின் செக் டிரங்கேஷன் முறை 2008 பிப்ரவரியில் புதுடெல்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும் தொடங்கியது. நீங்கள் போடும் செக் இப்போது ஊர் ஊராகப் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. முன்பக்கம் கிரேஸ்கேலில் 100 டிபிஐ, முன்பக்கமும் பின்பக்கமும் கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ என மூன்று படங்கள். எழுத்துக்கு கறுப்பு வெள்ளை போதும். கையெழுத்தின் அழுத்தத்தையும் மையின் நிறபேதத்தையும் காட்ட கிரேஸ்கேல் வேண்டும். எதற்கு எது என்று முடிவு செய்வதுதான் தேர்வின் அடிப்படை.

2. சுருக்கும் முறை

குரூப் 4 முறை கறுப்பு வெள்ளைப் பக்கத்தை ஒரு புள்ளியும் இழக்காமல் சுருக்கும். ஜேபெக் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சுருக்கும். ஜேபிக் 2 ஒரே மாதிரி உள்ள எழுத்துகளை ஒன்றாகக் கருதி, ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போடும். இதில்தான் ஆபத்து.

2013-ல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மன் கம்ப்யூட்டர் விஞ்ஞானி, ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷின்களில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பளவு எண்களே மாறியிருப்பதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8 வந்த பக்கங்களும் உண்டு. எழுத்து மங்கவில்லை, எண் தெளிவாக, ஆனால் தவறாக இருந்தது. ஜெராக்ஸ் பிறகு சாப்ட்வேர் திருத்தம் வெளியிட்டது. மருந்தின் அளவோ, கடன் தொகையோ இப்படி மாறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைப் படித்த பிறகு இந்தப் பாடத்தை நான் மனப்பாடமாக மட்டும் படிப்பதில்லை.

3. இண்டெக்ஸ்

தேட முடியாத படம் பரணில் போட்ட தாள் மாதிரிதான். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று தேடும்போது சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண் எல்லாம் கேட்கிறதே, அவைதான் இண்டெக்ஸ் ஃபீல்டுகள். ஓசிஆர் அச்செழுத்தையும், ஐசிஆர் கையெழுத்தையும், ஓஎம்ஆர் நிரப்பிய வட்டங்களையும், எம்ஐசிஆர் செக்கின் அடிவரி எண்களையும் படிக்கும். நான்கின் வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் பழக இலவசமான டெசராக்ட் போதும்.

4. திட்டமிடல்

இது மாதிரிக் கணக்கு. மில்லில் 6 லட்சம் பக்கங்கள், ஸ்கேனர் நிமிடத்துக்கு 40 பக்கம். 15,000 நிமிடம், அதாவது 250 மணி நேரம். ஆனால் பின் பிடுங்கி, மடிப்பு நீவி, கிழிசலை ஒட்டித் தர ஒருவரால் மணிக்கு 400 பக்கம்தான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். அது 1,500 மணி நேரம். ஸ்கேனர் சும்மா நிற்காமல் ஓட ஆறு பேர் வேண்டும். வேகமான ஸ்கேனர் வாங்கச் சொல்பவர் இங்கே தோற்றுப் போவார்.

5. சட்டமும் ஆயுளும்

1 ஜூலை 2024 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் ஏற்பது பற்றி 63-வது பிரிவில் சொல்கிறது. அதற்குச் சான்றிதழும் இணைக்க வேண்டும். செக்கின் படம் போய்ப் பணம் வந்துவிட்டாலும், தாளைப் பத்து ஆண்டு வங்கி பத்திரமாக வைக்க வேண்டும். எனவே பத்திரத்தை ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீண்ட காலம் வைக்க வேண்டிய ஃபைல்களுக்கு 2005-ல் ஐஎஸ்ஓ தரமாக வந்த பிடிஎஃப்/ஏ ஏற்றது.

வீட்டிலேயே பயிற்சி

வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில், கைநாட்டு உள்ள ஒரு தாள் என நான்கை எடுங்கள். ஒவ்வொன்றையும் 200, 300 டிபிஐயில், மூன்று நிற முறைகளிலும் சேவ் செய்து, ஃபைல் அளவையும் தெளிவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கைநாட்டின் ரேகை கறுப்பு வெள்ளையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். இந்த ஒரு பயிற்சி பல பக்கங்கள் படிப்பதற்குச் சமம்.

சான்றிதழ் வாங்கியவுடன் வேலை தேடி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். தேர்வுக் கட்டணம் சிறிய தொகை அல்ல. முதலில் மேலே சொன்ன ஐந்தையும் செலவில்லாமல் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் மில்லிலோ, ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு அலமாரி தாளை முறையாக ஸ்கேன் செய்து கொடுத்துப் பாருங்கள். வேலை பிடித்திருந்தால், பிறகு பணம் கட்டுங்கள். வாழ்த்துகள்!