கைசேதம்

தமிழ் முஸ்லிம்களாகிய நம் நாவில் புழங்கும் துக்கச் சொற்களுள் ஒன்று கைசேதம். குர்ஆன் தமிழாக்கங்கள் பலவற்றில் ‘ஹஸ்ரத்’ என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாக இதுவே நிற்கிறது. யாஸீன் அத்தியாயத்தின் 30ஆம் வசனம் இதற்குச் சான்று.

‘சேதம்’ என்பது வெட்டுதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்து, தமிழில் அழிவு, நஷ்டம் என நிலைத்தது. காவிரி பெருகினால் மோகனூர்க் கரையில் வாழைக்கும் கரும்புக்கும் நேர்வது பயிர்ச்சேதம். அதை எவரும் கைசேதம் என்பதில்லை. ‘கை’ சேர்ந்ததும் சொல் உள்நோக்கித் திரும்பிவிடுகிறது. இழந்த பொருளைவிட இழந்தவனின் மனவேதனையையே அது சுட்டுகிறது.

ஹஸ்ரத்தின் வேரில் களைத்துப்போதல் என்ற கருத்து உண்டு. அல்முல்க் 4ஆம் வசனத்தில், வானில் குறை தேடிக் களைத்துத் திரும்பும் பார்வை ‘ஹஸீர்’ எனப்படுகிறது. தவறியதை மீட்க வலுவின்றிச் சோர்ந்த உள்ளத்தின் துக்கமே ஹஸ்ரத். குர்ஆனிலும் இத்துக்கம் கையோடு பிணைந்திருப்பது வியப்பிற்குரியது. கஹ்ஃப் 42இல் தோட்டத்தை இழந்தவன் உள்ளங்கைகளைப் புரட்டுகிறான். ஃபுர்கான் 27இல் அநியாயக்காரன் கைகளைக் கடிக்கிறான். தமிழ்ச்சொல் இவற்றிலிருந்து பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, பொருத்தத்தைத்தான் சொல்கிறேன்.

யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் கூறிய சொல்லோ ‘அஸஃப்’. அது அவர்கள் தம் கையால் தவறவிட்டதன்று. மவ்த்தான வீடுகளில் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகிறோம். “நேற்றே சேலத்துக்குக் கொண்டு போயிருந்தால் பிழைத்திருப்பாரே” என்று ஒருவர் சொன்னால் போதும், கட்டிய மனைவி ஆயுள் முழுதும் தன்னையே குற்றவாளியாக எண்ணி வாடுவாள். ‘இப்படிச் செய்திருந்தால்’ என்ற பேச்சு ஷைத்தானின் செயலுக்கு வாசல் திறக்கும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது அவர்கள் கண்ணீர் சிந்தினார்கள். உள்ளம் வருந்துவதையும் மறைக்கவில்லை. இறைவனுக்குப் பொருந்தாத சொல்தான் வரவில்லை. ஆகவே அந்தப் பெண் அழட்டும். நாம் ‘இன்னா லில்லாஹி’ சொல்லி அருகில் அமர்வோம்.

ஹஸ்ரத்திற்கு உரிய இடம் வேறு. அல்லாஹ்வுக்குரிய கடமையில் குறைசெய்தவன் தன்னை எண்ணிக் கூறும் சொல்லாக அது ஸுமர் 56இல் வருகிறது. மர்யம் 39 மறுமை நாளையே ‘ஹஸ்ரத்தின் நாள்’ என்கிறது. அன்று திருத்த வழியில்லை. அவகாசம் உள்ளபோதே பாவத்தை எண்ணி வருந்துவதற்கு அரபியில் ‘நதம்’ என்று பெயர். அதுவே தவ்பா என்று இப்னுமாஜாவில் ஹதீஸ் உள்ளது. தமிழில் நாம் இரண்டையும் கைசேதம் என்றே சொல்லிவிடுகிறோம்.