படம் ஓடுகிறது, ஒலி எங்கே?

கைப்பேசியில் ஒரு திரைப்படக் கோப்பைத் திறக்கிறோம். படம் தெளிவாக ஓடுகிறது. ஒலி மட்டும் வரவில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டதா? இல்லை, அதே கைப்பேசியில் பாட்டு நன்றாகக் கேட்கிறது. கோப்பு பழுதா? அதுவும் இல்லை, வேறொரு கருவியில் அது ஒலியுடன் ஓடுகிறது. பிறகு குறை எங்கே? 'இந்த ஒலி வடிவத்துக்கு ஆதரவு இல்லை' என்று திரையில் ஒரு வரி தோன்றுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் கணிதமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

எதற்காகச் சுருக்க வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் என்றால் நொடிக்கு 15 கோடியே 55 லட்சம் பைட்டுகள்! 128 ஜிகாபைட் கொள்ளளவுள்ள கைப்பேசியில் கால் மணி நேரப் படம்கூட அடங்காது.

ஆகவே சுருக்குகிறார்கள். ஒருவர் அசையாமல் அமர்ந்து பேசும் காட்சியில் பின்னாலுள்ள சுவர் மாறுவதில்லை. அதைத் திரும்பத் திரும்ப எழுதாமல், மாறிய பகுதியை மட்டும் குறித்தால் போதும் அல்லவா? ஒலியிலும் இதுபோல் ஒரு வழி உண்டு. பெரிய மேளச் சத்தத்தின்போது பக்கத்தில் எழும் மெல்லிய ஒலி நம் காதுக்கு எட்டாது. எட்டாததை எதற்குச் சேமிக்க வேண்டும்?

சுருக்கியதை மீண்டும் விரிக்க வேண்டும். முன்பு தந்தி அலுவலகங்களில் வாழ்த்துச் செய்திகளுக்கு எண்கள் இருந்தன. அனுப்புபவர் எண்ணை மட்டும் குறிப்பிடுவார். போய்ச் சேரும் ஊரில் பட்டியலைப் பார்த்து முழு வாழ்த்தையும் எழுதித் தருவார்கள். (இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது.) அந்த ஊரில் பட்டியல் இல்லாவிட்டால் எண் எண்ணாகவே கிடக்கும். சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த நிரலுக்குக் 'கோடெக்' என்று பெயர். படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோடெக்குகள் உண்டு. நம் கைப்பேசியில் படத்துக்கானது இருந்தது, ஒலிக்கானது இல்லை. அவ்வளவுதான்.

ஏன் இல்லை?

இங்கேதான் சட்டம் வருகிறது. புதிய சுருக்க முறையைக் கண்டுபிடிப்பவர் பல நாடுகளில் அதற்குக் காப்புரிமை பெறலாம். விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகளுக்கு, பிறர் அந்த முறையைப் பயன்படுத்த உரிமம் பெற வேண்டும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் உருவாக்கத்தில் பெரும்பங்கு வகித்த எம்பி3 ஒலி முறைக்கு 2017 வரை இப்படி உரிமம் வழங்கப்பட்டது.

2003-ல் வெளியான எச்.264 என்ற பட முறையில் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் கலந்திருந்தன. எல்லாரிடமும் தனித்தனியே போய் நிற்க முடியாது என்பதால் பொதுவாகக் கட்டணம் வசூலிக்க ஓர் அமைப்பு முன்வந்தது. அது வகுத்த கட்டணம் இது: ஆண்டுக்கு முதல் 1,00,000 பிரதிகளுக்கு எதுவும் இல்லை, அதற்கு மேல் பிரதிக்கு 20 அமெரிக்க சென்ட், 50 லட்சத்தைத் தாண்டினால் 10 சென்ட். ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் கட்டும் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பும் இருந்தது.

பெரிய நிறுவனத்துக்கு இது சுமையல்ல. ஆனால் ஒரு நிரலை எழுதி யார் வேண்டுமானாலும் படியெடுக்கலாம் என்று இலவசமாகக் கொடுப்பவர் என்ன செய்வார்? எத்தனை பிரதிகள் போயின என்று எண்ணவே அவரால் முடியாது!

தனியே கழற்றி வைத்தார்கள்

அதற்கு ஒரு வழி, சிக்கலான பகுதியை மட்டும் தனியே கழற்றி வைப்பது. சுவரிலுள்ள மின்பொருத்தியில் விளக்கையும் செருகலாம், விசிறியையும் செருகலாம். அதுபோல் முதன்மை நிரலில் பொருத்துமிடம் ஒன்றை வைத்துவிட்டால், வேண்டிய கோடெக்கைப் பிறகு செருகிக்கொள்ளலாம். இதுவே செருகு நிரல். ஜிஸ்ட்ரீமர் என்னும் இலவச நிரல் தொகுப்பில் 'நல்லது', 'கெட்டது', 'அழகற்றது' என்ற பொருள்படும் பெயர்களில் செருகு நிரல்கள் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. 'அழகற்றது' தொகுப்பிலுள்ளவை தரத்தில் குறைந்தவை அல்ல. பகிர்வதில் உரிமச் சிக்கல் வரக்கூடியவை!

2013-ல் சிஸ்கோ நிறுவனம் எச்.264-க்கு ஒரு கோடெக்கை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம். உரிமக் கட்டணத்தை சிஸ்கோவே கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. சிஸ்கோ தயாரித்த பிரதியைப் பயனர் தம் கருவியில் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். அதே மூல நிரலிலிருந்து நாமே ஒரு பிரதி தயாரித்தால் அந்த உரிமம் நமக்குப் பொருந்தாது! ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2014-ல் இந்தச் செருகு நிரலைத் தனியே இறக்கிக்கொள்ளும் வசதியுடன் வந்தது.

கைப்பேசியில் வந்த முட்டுக்கட்டை

கணினியில் தீர்ந்த சிக்கல் கைப்பேசியில் தீரவில்லை. ஆப்பிளின் செயலிக் கடை விதி என்ன சொல்கிறது? செயலி தன் வேலையை மாற்றும் புதிய நிரலை இறக்கி இயக்கக் கூடாது. கூகுள் கடையும் வெளியிலிருந்து இயங்கு நிரலை இறக்கத் தடை விதிக்கிறது. திருட்டு நிரல்கள் நுழையாமல் காக்கும் விதி இது, நல்ல விதிதான். ஆனால் உரிமமோ 'தனியே இறக்கு' என்கிறது, கடையோ 'இறக்காதே' என்கிறது!

இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, செருகு நிரலையே தனிச் செயலியாக்கி ஆண்ட்ராய்டு கடையில் வைப்பது. அப்போதும் அது கைப்பேசியின் சில்லுக்குப் பொருந்த வேண்டும். 64 பிட் செயலிக்குள் 32 பிட் செருகு நிரல் இயங்காது. எம்எக்ஸ் பிளேயர் செயலிக்கு இப்படிச் சில்லு வகைக்கு ஒன்றாகத் தனிச் செருகு நிரல்கள் இருந்தன. மற்றொன்று, கைப்பேசியிலேயே உள்ள கோடெக்கிடம் வேலையை ஒப்படைப்பது. ஆண்ட்ராய்டில் 2012 முதலும், ஆப்பிள் கைப்பேசியில் 2014 முதலும் செயலிகள் அதை நேரடியாக அழைக்க முடிகிறது.

இரண்டாம் வழியில் கைப்பேசியில் உள்ளதுதான் கிடைக்கும். எச்.264 ஆண்ட்ராய்டின் அடிப்படைப் பட்டியலில் உண்டு. டால்பி, டிடிஎஸ் போன்ற ஒலி முறைகளோ கைப்பேசியைத் தயாரித்தவர் சேர்த்திருந்தால்தான் உண்டு. படம் ஓடி ஒலி வராததன் காரணம் இப்போது விளங்குகிறதா?

கட்டணம் கேட்காத முறைகளும் வந்துள்ளன. ஒலிக்கு ஓபஸ் 2012-லும், படத்துக்கு ஏவி1 2018-லும் வெளியாயின.

செய்து பாருங்கள்

கோப்பின் விவரங்களைக் காட்டும் செயலியில் ஒரு திரைப்படக் கோப்பைத் திறந்து, படத்துக்கு எந்தக் கோடெக், ஒலிக்கு எந்தக் கோடெக் என்று குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்காக நீங்கள் பதிவுசெய்த ஒரு காணொளியையும் அப்படியே பாருங்கள். அடுத்த முறை ஒலி வராவிட்டால் கோப்பை அழித்துவிடாதீர்கள். அந்தக் கோடெக் உள்ள செயலியைத் தேடுங்கள்.