உங்களுக்குத் தெரியுமா? மேடை இல்லாத வகுப்பறை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில், 1990-களில் இயற்பியல் பேராசிரியர் ராபர்ட் பைக்னர் 'ஸ்கேல்-அப்' என்ற கற்பித்தல் முறையை உருவாக்கினார். அதற்காக வகுப்பறையே மாறியது. மேடையை நோக்கிய வரிசை இருக்கைகள் போய், சுமார் 7 அடி விட்டமுள்ள வட்ட மேசைகள் வந்தன. மேசைக்கு 9 பேர். மூவர் மூவராக மூன்று குழுக்கள்.

அந்த 7 அடியில்தான் சூட்சுமம் இருக்கிறது. மேசை பெரிதானால் எதிரே இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டும். சிறிதானால் கணினிக்கும் சோதனைக் கருவிக்கும் இடம் போதாது. சுற்றுச் சுவர்களில் எழுதுபலகைகள். எந்தக் குழு எந்த வரியில் திணறுகிறது என்பது, மேசைகளுக்கிடையே நடந்துகொண்டே இருக்கும் ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். விரிவுரைக்கு ஒரு நேரம், ஆய்வகத்துக்கு ஒரு நேரம் என்ற பிரிவும் இல்லை.

2000-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யும் முதலாண்டு இயற்பியலுக்கு இதே பாணியில் 'டீல்' வகுப்பைத் தொடங்கியது: 13 வட்ட மேசைகள், 117 இருக்கைகள். பழைய விரிவுரையே வேண்டும் என்று மாணவர்கள் மனுகூடக் கொடுத்தார்கள். ஆனால் தேர்வில் தோற்போர் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. பழகிய வசதியை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் எளிதில் மனம் வரும்?