காலத்தை வரையும் கோடு

நுழையும்முன்

எண்களின் நீண்ட பட்டியலைக் காணும் கண் விரைவில் சலித்துவிடும். அதே எண்கள் ஒரு கோடாக உருப்பெறும்போது, கண் அக்கோட்டைப் பின்தொடர்ந்து செல்லும். நாளிதழ், தொலைக்காட்சி, கைப்பேசி என எங்கும் இன்று கோட்டு வரைபடங்கள் காணப்படுகின்றன. அவற்றைக் கணினியில் வரையும் முறையையும், வரைபவர் செய்யும் சிறு தேர்வுகள் காண்போரின் முடிவையே மாற்றிவிடும் விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

கோட்டின் தோற்றம்

ஓர் அளவு காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காட்டுவதற்குப் பெரிதும் பயன்படுவது கோட்டு வரைபடம். கிடை அச்சில் காலமும் செங்குத்து அச்சில் அளவும் குறிக்கப்படும். ஒவ்வொரு காலத்திற்கும் உரிய அளவு ஒரு புள்ளியாகும். புள்ளிகளை வரிசையாக இணைத்தால் கோடு கிடைக்கும்.

பொருளாதாரப் புள்ளிவிவரங்களுக்கு இம்முறையைக் கையாண்ட முன்னோடி, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர். 1786ஆம் ஆண்டு இலண்டனில் அவர் வெளியிட்ட வணிக, அரசியல் வரைபடத் தொகுப்பில், இங்கிலாந்து பிற நாடுகளுடன் நடத்திய ஏற்றுமதியும் இறக்குமதியும் இரு கோடுகளாக வரையப்பட்டன. கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு வண்ணம் பெற்றது. கணக்கேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி அறிய வேண்டிய வணிக ஏற்றத்தாழ்வை, ஒரே பார்வையில் அறிய அவ்வண்ணப் பரப்பு துணைசெய்தது.

அந்நூலில் ஸ்காட்லாந்தின் வணிகத்தைக் காட்டும் படம் மட்டும் பட்டைகளால் அமைந்தது. அந்நாட்டைப் பற்றி ஓராண்டுக் கணக்கே பிளேஃபேருக்குக் கிடைத்திருந்தது. தொடர்ந்துசெல்லும் காலம் இல்லாத இடத்தில் கோட்டுக்கு வேலையில்லை. இவ்விதி இன்றும் பொருந்தும். மாவட்டங்களின் பெயர்களைக் கிடை அச்சில் வரிசைப்படுத்திக் கோட்டால் இணைப்பது பிழையாகும். ஒரு மாவட்டத்திற்கும் பட்டியலில் அதனை அடுத்து நிற்கும் மாவட்டத்திற்கும் இடையே கோடு கடந்துசெல்லத்தக்க அளவு எதுவும் இல்லை. அங்குப் பட்டையே ஏற்றது.

மலையுச்சியில் எடுத்த அளவுகள்

உலகம் நன்கறிந்த கோட்டு வரைபடங்களுள் ஒன்று ஹவாய்த் தீவில் உள்ள மௌனா லோவா எரிமலையில் பிறந்தது. அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங், 1958ஆம் ஆண்டு அங்குக் காற்றிலுள்ள கரியமில வாயுவை இடையறாது அளக்கும் பணியைத் தொடங்கினார். உலர்காற்றின் பத்து இலட்சம் மூலக்கூறுகளில் எத்தனை கரியமில வாயு மூலக்கூறுகள் உள்ளன என்பதே அவ்வளவு. அவர் பெயரால் அக்கோடு கீலிங் வளைகோடு என வழங்கப்படுகிறது.

அங்கு அளக்கப்பட்ட ஆண்டுச் சராசரிகள் முழு எண்களில் வருமாறு: 1960இல் 317, 1970இல் 326, 1980இல் 339, 1990இல் 354, 2000இல் 370, 2010இல் 390, 2020இல் 414. இவ்வேழு எண்களைக் கொண்டே வரைபடம் அமைக்கும் படிநிலைகளைக் கற்றுக்கொள்ளலாம்.

மென்பொருளில் வரைதல்

லிப்ரே ஆபீஸ் கால்க் என்பது கட்டணமின்றிக் கிடைக்கும் விரிதாள் மென்பொருள். அதன் முதல் நெடுவரிசையில் ஆண்டுகளையும் இரண்டாம் நெடுவரிசையில் அளவுகளையும் உள்ளிட வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையின் மேலும் அதற்குரிய தலைப்பு இருத்தல் வேண்டும். பின்னர்த் தரவு முழுவதையும் தெரிவுசெய்து, 'இன்சர்ட்' பட்டியலில் உள்ள 'சார்ட்' என்பதைச் சொடுக்கினால் வழிகாட்டிச் சாளரம் திறக்கும். அதில் 'லைன்' வகையையும், அதனுள் புள்ளியும் கோடும் சேர்ந்த அமைப்பையும் தேர்ந்தெடுக்கலாம்.

இங்குத் தொடக்கநிலையில் பலருக்கு நேரும் இடர் ஒன்றுண்டு. ஆண்டுகளும் எண்களாகவே இருப்பதால், மென்பொருள் அவற்றையும் அளவுகளாகக் கருதிவிடக்கூடும். அப்போது 2000 என்னும் உயரத்தையொட்டிப் பொருளற்ற கோடு ஒன்று தோன்றும். உண்மையான கோடு கீழே தட்டையாகச் சுருங்கிவிடும். வழிகாட்டியின் அடுத்த படிநிலையில், முதல் நெடுவரிசையைப் பெயர்களாகக் கொள்ளுமாறு குறித்துவிட்டால் ஆண்டுகள் கிடை அச்சுக்குச் சென்றுவிடும். இறுதிப் படிநிலையில் படத்தின் தலைப்பையும் அச்சுகளின் பெயர்களையும் சேர்க்க வேண்டும். அலகு குறிக்கப்படாத அச்சு, அளவை மறைத்துவிடும்.

அச்சின் தொடக்கம்

படம் உருவானதும் மென்பொருள் தானாகவே செங்குத்து அச்சின் எல்லைகளை முடிவுசெய்யும். அச்சினை இருமுறை சொடுக்கி அவ்வெல்லைகளை மாற்றலாம். அச்சு 0 முதல் 450 வரை அமைந்தால், அறுபது ஆண்டுகளில் ஏற்பட்ட 97 அலகு உயர்வு படத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்றே கடக்கும். கோடு மெல்லச் சாய்ந்து ஏறும். அச்சு 310 முதல் 420 வரை அமைந்தால், அதே உயர்வு படத்தின் உயரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை நிறைக்கும். கோடு செங்குத்தாக எழும்.

இரண்டும் பொய்யல்ல. பட்டைகள் நீளத்தால் ஒப்பிடப்படுவதால், அவை சுழியிலிருந்தே தொடங்க வேண்டும். கோடு மாற்றத்தைக் காட்டுவதால், அதற்கு அக்கட்டாயம் இல்லை. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை உயர்வு 9, 13, 15, 16, 20, 24 எனப் பெருகிவருவதைக் காண விரும்புவோருக்கு நெருக்கமான அச்சே உதவும். எனினும் அச்சு எங்கே தொடங்குகிறது என்பது காண்போருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

இடைவெளிகள்

மேற்கண்ட பட்டியலின் இறுதியில் 2023ஆம் ஆண்டின் சராசரியாகிய 421 சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். கோட்டு வரைபடம் கிடை அச்சின் ஆண்டுகளை வெறும் பெயர்களாகக் கருதிச் சம இடைவெளியில் நிறுத்தும். பத்தாண்டுக்கு ஒதுக்கிய அகலமே மூன்றாண்டுக்கும் கிடைக்கும். 24 அலகு ஏறிய கோடு அதே அகலத்தில் 7 அலகு மட்டுமே ஏறும். அதனைக் காண்பவர், கரியமில வாயுவின் உயர்வு தணிந்துவிட்டது என்று எண்ணுவார். உண்மையில் ஆண்டுக்கு 2.4 அலகாக இருந்த உயர்வு 2.3 அலகாகவே நின்றது. எண் எதுவும் தவறாக உள்ளிடப்படவில்லை. ஆயினும் படம் தவறான செய்தியைத் தந்துவிட்டது. 'எக்ஸ் ஒய் ஸ்கேட்டர்' வகையில் கோட்டுடன் கூடிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், ஆண்டுகள் தமக்குரிய தொலைவில் அமைந்து இப்பிழை நீங்கும்.

தரவு இல்லாத இடமும் கவனத்திற்குரியது. 1964ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிதிப் பற்றாக்குறையால் மௌனா லோவாவில் சில மாதங்கள் அளவீடு நின்றது. மாதவாரித் தரவில் அந்நுண்ணறைகள் வெறுமையாக இருக்கும். அவற்றை இடைவெளியாக விடுதல், சுழியாகக் கொள்ளுதல், கோட்டைத் தொடர்ந்து இணைத்தல் என மூன்று வழிகளை மென்பொருள் முன்வைக்கும். சுழியாகக் கொண்டால், உலகின் கரியமில வாயு முழுவதும் திடீரென மறைந்து மீண்டதுபோல் கோடு தரையைத் தொட்டு எழும். இணைத்துவிட்டால், அளக்காததை அளந்ததாகக் காட்டும். இடைவெளியாக விடுவதே நேர்மையான வழி.

மாதவாரித் தரவை வரைந்தால் மற்றொரு செய்தியும் வெளிப்படும். கோடு ஆண்டுதோறும் மே மாதத்தில் உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்கி, மீண்டும் ஏறும். வடகோளத்தின் தாவரங்கள் கோடையில் கரியமில வாயுவை உள்ளிழுத்துக்கொள்வதன் அடையாளம் அது. ஆண்டுச் சராசரி இவ்வேற்ற இறக்கத்தை மறைத்து, நெடுங்காலப் போக்கை மட்டும் காட்டும். எந்தக் கால அளவைத் தேர்ந்தெடுப்பது என்பதை, படம் விடைசொல்ல வேண்டிய கேள்வியே தீர்மானிக்கிறது.

தோற்றத் தெளிவு

ஒரே படத்தில் பல கோடுகள் வரும்போது, முதன்மையான ஒன்றை மட்டும் அழுத்தமான நிறத்தில் காட்டிப் பிறவற்றைச் சாம்பல் நிறமாக்கலாம். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதோர் உண்டு. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல், ஒரு கோட்டைத் தொடர்கோடாகவும் மற்றொன்றைப் புள்ளிக்கோடாகவும் அமைத்தல் நன்று. தனியே குறிவிளக்கப் பெட்டி வைப்பதைக் காட்டிலும், கோட்டின் முனையிலேயே அதன் பெயரை எழுதுவது கண்ணின் அலைச்சலைக் குறைக்கும். முப்பரிமாண அலங்காரம் கோட்டின் உயரத்தைக் கணிக்கவிடாது. அதனைத் தவிர்த்தல் வேண்டும்.

கோட்டைக் காண்பவர் அதன் பின்னுள்ள எண்களைச் சரிபார்ப்பது அரிது. அவர் வரைந்தவரை நம்பியே முடிவுக்கு வருகிறார். மென்பொருள் நொடிப்பொழுதில் கோட்டை வரைந்து தந்துவிடும். ஆனால் அச்சின் எல்லை, காலத்தின் இடைவெளி, விடுபட்ட தரவு ஆகியவற்றுக்கு அம்மென்பொருள் பொறுப்பேற்காது. அப்பொறுப்பு வரைபவருடையது.

கற்பவை கற்றபின்

1. இப்பாடத்தில் உள்ள ஏழு அளவுகளை விரிதாளில் உள்ளிட்டு, செங்குத்து அச்சின் எல்லைகளை மாற்றி இரு வரைபடங்கள் உருவாக்குக. அவை தரும் எண்ணம் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை வகுப்பறையில் விவாதிக்க.

2. நாளிதழில் வெளியான கோட்டு வரைபடம் ஒன்றைத் திரட்டி, அதன் அச்சுகள், அலகு, கால இடைவெளி ஆகியவற்றை ஆராய்ந்து ஒரு பக்க அளவில் எழுதுக.