கிணற்றுக்கு வாடகை, வயலுக்கு?

வடசென்னையில் மணலி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு கடல்நீராக இருந்து மாறியது. காட்டுப்பள்ளியில் 2010 ஜூலையில் ஓடத் தொடங்கிய ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் திறன் கொண்டது. அதை மீஞ்சூர் ஆலை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே மீஞ்சூர், சென்னைக்கு நிலத்தடியிலிருந்து நல்ல தண்ணீர் கொடுத்த ஊர். இடையில் நடந்ததைப் புரிந்துகொண்டால், விவசாயிக்கு அரசு எதற்காகப் பணம் கொடுக்கிறது என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

எண்ணூருக்கு வடக்கேயும் மேற்கேயும் கொசஸ்தலையாறும் ஆரணியாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் ஆழமாகப் படிந்திருக்கின்றன. அந்த மணலுக்குள் நிற்கும் தண்ணீரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1966 முதல் 1969 வரை ஆய்ந்தார்கள். பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. மீஞ்சூர்த் தண்ணீர் மணலியின் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. சுற்றிலும் விவசாயிகளும் நெல்லுக்கு இறைத்தார்கள்.

கடலோர மண்ணுக்கடியில் நடப்பது வியப்பானது. நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் சற்றுக் கனமானது. லிட்டருக்கு ஏறத்தாழ 25 கிராம் கூடுதல். அதனால் நல்ல நீர், டம்ளரில் மிதக்கும் பனிக்கட்டியைப் போல, உப்புநீரின் மேல் பெரும்பகுதி அமிழ்ந்தபடி மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்பு அண்டாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நெதர்லாந்தின் கைபனும், பிறகு ஜெர்மனியின் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது. இதைத் திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும். மேலே ஒரு மீட்டர் இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறத் தயாராகிறது.

மீஞ்சூரில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பின் எல்லை, 1980-களில் சுமார் 9 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. அதன் பிறகும் நகர்ந்தது. நூறு லிட்டரில் ஐந்தே லிட்டர் கடல்நீராக இருந்தாலும் லிட்டருக்கு 1,750 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். வேறு வழியே இல்லாதபோது குடிநீருக்கு அனுமதிக்கப்படும் உச்சம் 2,000. ஆக, கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கும்போதே அது கெட்டுப்போகிறது.

இந்த நிலத்தில் விவசாயிக்கு அரசு பணம் கொடுக்காமல் இல்லை. 2000-ஐ ஒட்டிய வறட்சிக் காலத்தில், சென்னைக் குடிநீர் வாரியம் இந்த ஆற்றுப்படுகை விவசாயிகளின் கிணறுகளை வாடகைக்கு எடுத்து இறைத்தது. புழல், பூண்டி, சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்ட 2019-இலும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிணறுகளைத்தான் தேடிப் போனது. தாகத்தில் இருந்த நகரத்துக்கு அன்று வேறு வழி இல்லை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் செய்த வேலையைப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடினால் பணம், நின்றால் இல்லை. மழையைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கிய வயலுக்கு ஒரு பைசாவும் இல்லை.

ஜப்பானின் குமாமோட்டோ இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஏழு லட்சம் பேருக்கு மேல் வாழும் அந்த நகரம் குடிப்பது முழுக்க நிலத்தடி நீர். ஷிராகாவா ஆற்றின் நடுப்படுகையில் உள்ள நெல்வயல்களின் வழியாக அதில் கணிசமான பங்கு இறங்குகிறது. எரிமலை மண், தண்ணீரை மளமளவென்று குடிக்கும். நெல் சாகுபடி குறைந்ததும் ஊற்றும் குறைந்தது. 2004 முதல் நகராட்சி அந்த விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டு, இரண்டு பயிருக்கு நடுவே வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தச் சொல்கிறது. பரப்பையும் நாளையும் கணக்கிட்டுப் பணம் கொடுக்கிறது. அங்குள்ள சோனி ஆலை அதற்கு ஓராண்டு முன்பே தான் எடுக்கும் தண்ணீருக்கு ஈடாக வயல்களில் நீர் கட்டப் பணம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மணலியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மனம் அடித்துக்கொள்கிறது. (கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி ஆலைகளுக்குத் தரும் நிலையம் 2019-இல் வந்தது. நல்ல காரியம், அதைச் சொல்லியே ஆக வேண்டும்.)

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. பஞ்சாபில் 2018-இல் வந்த ஒரு திட்டப்படி, தனக்கு ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய். இறைக்காமல் இருப்பதற்கே கூலி! தமிழ்நாட்டில் இதை அப்படியே கொண்டுவர முடியாது. இலவச மின்சாரத்தில் ஓடும் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது.

மீட்டர் இல்லாவிட்டாலும் பயிரைக் கண்ணால் பார்க்கலாம். திருவள்ளூரில் சித்திரை வெயிலில் தொடங்கும் சொர்ணவாரி நெல் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரை நம்பியது. ஒரு பட்டம் நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். உளுந்துக்கு 300 போதும். ஏக்கருக்கு வித்தியாசம் ஏறத்தாழ 36 லட்சம் லிட்டர். நெல்வயலில் கட்டியதில் பெரும்பங்கு திரும்ப மண்ணுக்குள்ளேயே இறங்கிவிடும் என்று தாராளமாகக் கழித்து, 12 லட்சம் லிட்டர்தான் உண்மையில் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். காட்டுப்பள்ளி ஆலையின் தொடக்க ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 48 ரூபாய். அந்த விலையில் இந்தத் தண்ணீரின் மதிப்பு 57,600 ரூபாய். இதில் பாதியைக் கொடுத்தாலும், சொர்ணவாரியில் உளுந்து போட எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்?

யாருக்குக் கொடுப்பது என்பதில் மண்ணைக் கேட்டாக வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் ஆழத்து மணலுக்கு மேலே களிமண் அடுக்கு மூடிக் கிடக்கிறது. அங்கே வயலில் தண்ணீர் கட்டினால் ஆழத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். மேற்கே தாமரைப்பாக்கம் பக்கம் மூடி இல்லாத மணல். மீஞ்சூரின் உப்பைத் தள்ளும் தண்ணீர் அங்கே இறங்க வேண்டும். அங்குள்ள ஏரி, வரத்துக்கால்வாய், வரப்பு எல்லாம் வீட்டுமனைக்குப் போகாமல் இருக்க வேண்டும். பட்டாதாரருக்கு மட்டும் பணம் போய்க் குத்தகைக்காரர் கைவிடப்பட்டால் திட்டம் முதல் ஆண்டிலேயே கெடும்.

உப்பு உள்ளே வர இத்தனை ஆண்டுகள் ஆயின; வெளியே தள்ளவும் பல ஆண்டுகள் ஆகும். கடல்நீர் ஆலைக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டோம். விவசாயியின் கிணற்றையோ வறட்சி வந்தால் எடுத்துக்கொண்டு, மழை வந்தால் விட்டுவிட்டோம். வயலில் தண்ணீர் இறக்குபவருக்கும் அதே 25 ஆண்டுக்கு, விலை குறித்த ஒப்பந்தம் கொடுக்க வேண்டும்.